வீட்டுக்கடன் தவணை நின்றுபோனால்: கட்டுவதா, விற்பதா, பேரமா, வழக்கா?

தவணை நின்றுபோன வீடுகளில் இரண்டு விதமான பேச்சு கேட்கும். மூணு மாசம் கட்டலைன்னா பேங்க்காரன் வந்து பூட்டுப் போட்டுருவான் என்பது ஒன்று. ஸ்டே வாங்கிட்டா பத்து வருஷத்துக்கு யாரும் கிட்ட வர முடியாது என்பது இன்னொன்று. முதல் பேச்சு தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டாவது வீட்டையே கெடுக்கும். உண்மையில் வங்கி போகிற வழி சட்டத்தில் நாள் கணக்கோடு எழுதியிருக்கிறது. அந்தக் கணக்கில் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று தெரியாமல், எந்த வழி நல்லது என்று யாரும் சொல்ல முடியாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருமானம் திரும்பி வரும் என்று நம்பக் கையில் காரணம் இல்லை, ஆனால் வீட்டின் விலை கடன் பாக்கியைவிடக் கணிசமாக அதிகம் என்றால், நீங்களே விற்றுவிடுங்கள். அதையும் செய்தித்தாளில் வங்கியின் விளம்பரம் வருவதற்கு முன்பே செய்யுங்கள். மற்ற வழிகளெல்லாம் குறிப்பிட்ட நிலைமைகளில் மட்டும் வேலை செய்பவை. ஏன் என்பதுதான் மீதிக் கதை.

வங்கி எந்த நாளில் என்ன செய்யும்

வீட்டுக்கடனை வசூல் செய்ய வங்கி இன்று சிவில் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டம் நீதிமன்றத்தின் தலையீடு இல்லாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்கும் அதிகாரத்தை வங்கிக்குக் கொடுத்திருக்கிறது. வீட்டுவசதி நிதி நிறுவனங்கள், கூட்டுறவு வங்கிகள், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிதி நிறுவனங்கள் ஆகியவற்றுக்கும் அதே அதிகாரம் உண்டு.

தவணைத் தேதி தாண்டியதிலிருந்து நாள் ஓட ஆரம்பிக்கிறது. 30 நாள் வரை எஸ்எம்ஏ-0, 60 வரை எஸ்எம்ஏ-1, 90 வரை எஸ்எம்ஏ-2 என்று கணக்கில் எச்சரிக்கைக் குறி போடுவார்கள். 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன், வங்கி மொழியில் என்பிஏ. இந்த 90-வது நாளின் மகத்துவம் பலருக்குத் தெரிவதில்லை. அதற்கு முன்பு, மிகப் பழைய தவணை ஒன்றைக் கட்டினாலே நாள் கணக்கு பின்னால் போகும். இரண்டு தவணை பாக்கி இருக்கும்போது ஒன்றைக் கட்டியவர் மூச்சு விட ஒரு மாதம் சம்பாதிக்கிறார். 90 தாண்டிய பிறகு அந்த வித்தை பலிக்காது. ஒருமுறை வாராக்கடன் ஆன கணக்கு, அசல் வட்டி என எல்லா நிலுவையும் தீர்ந்தால்தான் நல்ல கணக்காக மாறும் என்று 2021 நவம்பர் 12-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்போது ஒரு தவணையைக் கொண்டுபோய்க் கட்டினால், பணம் வரவாகும், நிலைமை மாறாது.

வாராக்கடன் ஆனதும் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவின்கீழ் நோட்டீஸ் வரும். 60 நாள் அவகாசம். அதில் கேட்டிருப்பது விடுபட்ட தவணைகளை அல்ல, மொத்தக் கடனையும். ஒன்றரை லட்சம் நிலுவைக்கு முப்பத்தாறு லட்சம் கட்டச் சொல்லும் கடிதம் வந்தால் யாருக்கும் கை நடுங்கும்தான். அந்த 60 நாளுக்குள் நீங்கள் எழுத்து மூலம் ஆட்சேபம் தரலாம். தந்தால் 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கும் நோட்டீஸ் போகும். மைத்துனரிடம் சொல்லாமல் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

60 நாள் முடிந்தால் 13(4) பிரிவு, அதாவது வீட்டைச் சுவாதீனம் எடுப்பது. பெரும்பாலும் முதலில் காகித அளவிலான சுவாதீனம்தான்: வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், 7 நாளுக்குள் இரண்டு செய்தித்தாள்களில் விளம்பரம் தருவார்கள், அதில் ஒன்று வட்டார மொழி நாளிதழ். நீங்கள் வீட்டில்தான் இருப்பீர்கள். ஆனால் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆளை வெளியேற்றிப் பூட்டுப் போட வேண்டுமானால், வங்கி 14-வது பிரிவின்கீழ் மாவட்ட கலெக்டரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனுப் போடும். சென்னையில் எழும்பூர் தலைமைப் பெருநகர நடுவர். அங்கே உத்தரவு வாங்கி, பெரும்பாலும் அட்வகேட் கமிஷனரும் (நடுவர் நியமிக்கும் வக்கீல்) போலீசும் வருவார்கள்.

பிறகு அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் மதிப்பிட்டு, அடிப்படை ஏலவிலை குறித்து, 30 நாள் அவகாசத்தோடு விற்பனை அறிவிப்பு. ஏலம் இப்போது ஆன்லைனில்தான். எடுத்தவர் 25 சதவீதத்தை அன்றே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். மீதியை ஏலம் உறுதியானதிலிருந்து 15 நாளில், ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் 3 மாதத்துக்குள். யாரும் கேட்காமல் போனால் மறு ஏலத்துக்கு 15 நாள் அறிவிப்பே போதும்.

எல்லாம் சட்டத்தில் உள்ள குறைந்தபட்ச வேகத்தில் நடந்தால் 90, 60, 30 என்று ஆறு மாதம். நடைமுறையில் ஒரு வருடமும் அதற்கு மேலும் இழுக்கும். அந்த இழுபறியை அவகாசம் என்று எடுத்துக்கொள்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது.

மூன்று தேதிகளை மட்டும் சுவரில் எழுதி வையுங்கள். 90-வது நாள். 13(2) நோட்டீஸ் கைக்கு வந்த நாள். அதற்குப் பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு எழுதிக்கொடுக்கவோ 13(13) தடுக்கிறது. கடைசியாக, ஏல அறிவிப்பு வெளியாகும் நாள். 2016 திருத்தத்துக்கு முன்பு ஏலம் நடக்கும்வரை பணத்தைக் கட்டி மீட்கலாம் என்றிருந்தது. இப்போது அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழுத்தொகையையும் செலவையும் கட்டினால்தான் மீட்கும் உரிமை. 2023-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. கடைசி நாளில் நகையை விற்றாவது கட்டிடுவோம் என்று இருப்பவர்களுக்கு, கடைசி நாள் அவர்கள் நினைப்பதற்கு ஒரு மாதம் முன்பே போய்விடுகிறது.

ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கற்பனைக் குடும்பம். 40 லட்சம் கடன், 8.75 சதவீத வட்டி, 20 வருடம். தவணை சுமார் 35,350 ரூபாய். சில வருடம் கட்டியபின் பாக்கி 36 லட்சம். தாம்பரம் பக்கம் உள்ள ஃபிளாட்டின் சந்தை விலை 60 லட்சம். வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. இந்த எண்கள் என் கற்பனைதான். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். வட்டி மட்டும் மாதம் 26,250 ரூபாய் ஏறும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நிலுவையைக் கட்டி மீட்பது, தவணையைக் குறைக்கச் சொல்வது

வேலை போனது தற்காலிகம், மூன்று நான்கு மாதத்தில் சம்பளம் வரும் என்று நிச்சயம் இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. மூன்று தவணைக்கு 1,06,000 ரூபாய் சொச்சம். நகைக்கடன், சீட்டு, பி.எஃப். பணம் (வீட்டுக்கடனை அடைக்க அதில் எடுக்க வழி உண்டு) என்று எதையாவது புரட்டி 90 நாளுக்குள் கட்டிவிட்டால் சிபிலில் (உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில்) ஒரு கறை, அவ்வளவுதான்.

தவணைக் காலத்தை நீட்டிக் குறைக்கச் சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் சிரமம் தொடங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். மாறும் வட்டிக் கடனில் வட்டி ஏறும்போது, தவணையை உயர்த்துவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவருக்குத் தேர்வு தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்கள் பணக்கஷ்டத்தில் இருப்பதால் வங்கி விட்டுக்கொடுத்தால், அது கணக்கில் மறுசீரமைப்பு என்று ஏறும். கொரோனா காலத் தனித் திட்டங்களை விட்டால், மறுசீரமைத்த கணக்கு உடனே வாராக்கடன் தரத்துக்கு இறங்கிவிடும். கிளை மேலாளர் உங்கள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாலும், விண்ணப்பத்தைப் பார்த்துத் தயங்குவதற்குக் காரணம் இதுதான். அவரைத் திட்டிப் பயனில்லை.

அபராத வட்டி குறித்து ஒரு வார்த்தை. தவணை தவறியதற்காக வட்டி விகிதத்தைக் கூட்டி, அதையும் அசலில் சேர்த்து வட்டிக்கு வட்டி போடும் பழக்கத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் உத்தரவில் நிறுத்திவிட்டது. அபராதம் கட்டணமாகத்தான் இருக்க வேண்டும், அதன்மேல் வட்டி கூடாது. பழைய கடன்களும் 2024 ஜூன் இறுதிக்குள் இந்த முறைக்கு வந்திருக்க வேண்டும். கணக்கு அறிக்கையை வாங்கி வரிவரியாகப் பாருங்கள். 13(2)-க்கு ஆட்சேபம் எழுதவும் இதுதான் உருப்படியான இடம்.

வங்கி நிலுவையைக் கட்ட மீட்டர் வட்டிக்கு வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. இருந்தும் என்ன நடக்கிறது என்று தெரியும். 8.75 சதவீத வட்டிக் கடனை அடைக்க, மாதத்துக்கே ஐந்து பத்து வட்டிக் கடன் வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது. வீட்டை மனைவி பெயருக்கோ மகன் பெயருக்கோ செட்டில்மெண்ட் எழுதிவிட்டால் தப்பலாம் என்று பத்திர ஆபீஸ் வாசலில் யாராவது சொல்வார்கள். வங்கியின் அடமானம் அதற்கு முன்பே வில்லங்கத்தில் ஏறியிருக்கிறது. பின்னால் எழுதும் எந்தப் பத்திரமும் அதைத் தாண்டாது. செலவுதான் மிச்சம்.

கடன் வாங்கியவர் இறந்து தவணை நின்றிருந்தால், எதையும் செய்வதற்கு முன் கடனோடு சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்களா என்று கடன் கோப்பில் பாருங்கள்.

நீங்களே விற்பது

அந்த 60 லட்சம் ஃபிளாட்டை, கொஞ்சம் அவசரம் தெரிந்துவிட்டதால் 57 லட்சத்துக்கு விற்றதாக வைப்போம். பாக்கி 37 லட்சம் ஆகியிருக்கும். புரோக்கர் கமிஷன் ஒரு லட்சம் போனாலும் 19 லட்சம் கையில். சிபிலில் கணக்கு முழுதாக முடிந்தது என்று பதிவாகும். அந்தப் பணத்தில் ஒரு லீஸ் வீடு பார்க்கலாம், பிள்ளைகள் படிப்பைக் காப்பாற்றலாம்.

இதில் தடை பணமல்ல, மனசு. "அப்பா கட்டின வீடு", "ஊர் என்ன சொல்லும்" என்ற பேச்சில் நான்கு மாதம் போகும். அதன்பின் நோட்டீஸ் வரும், பேப்பரில் பெயர் வரும், அப்போது ஊர் தானாகவே சொல்லும்.

கடன் இருக்கும் வீட்டை எப்படி விற்பது என்று பலருக்குக் குழப்பம். தினமும் நடக்கிற காரியம்தான். கிளைக்குப் போய் எழுதிக்கொடுத்து ஃபோர்குளோஷர் லெட்டர் கேளுங்கள்: இன்ன தேதிக்கு மொத்தம் இவ்வளவு, தாமதமானால் நாளொன்றுக்கு இவ்வளவு வட்டி என்று அதில் இருக்கும். கூடவே வங்கியிடம் உள்ள பத்திரங்களின் பட்டியலையும் வாங்குங்கள். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி முடிக்க அபராதம் கிடையாது. வாங்குபவரும் கடனில் வாங்கினால் அவருடைய வங்கி, உங்கள் கடன் கணக்கின் பெயருக்கே டிடி எடுத்துத் தரும். பத்திரம் வங்கியிலிருந்து வங்கிக்குப் போகும். ரொக்கத்தில் வாங்குபவர் என்றால் கிரய ஒப்பந்தம் போட்டு, முன்பணத்தை உங்கள் கையில் தராமல் நேராகக் கடன் கணக்கில் கட்டச் சொல்லுங்கள். அவருக்கும் அதுதான் பாதுகாப்பு. பயந்துபோய் இருக்கும் வாங்குபவரை உட்கார வைப்பதும் அந்த ஒரு ஏற்பாடுதான். பேச்சுவார்த்தையை வீட்டுத் திண்ணையில் வைக்காமல் கிளை மேலாளர் மேசை முன்னால் வைத்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

கடன் முடிந்ததும், எம்ஓடி (பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியதற்கான பதிவு) என்று வில்லங்கத்தில் ஏறியிருக்கும் அடமானத்தை நீக்க, சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிய வேண்டும். வங்கி அதிகாரி வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், அதனால் அவருடைய நாளை முன்கூட்டியே பிடித்து வைப்பது நல்லது. கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தராவிட்டால், வங்கியால் நேர்ந்த தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கியே தர வேண்டும் என்று 2023 டிசம்பர் 1 முதல் விதி இருக்கிறது. அதை நினைவூட்டினால் வேலை கொஞ்சம் வேகமாக நடக்கும்.

13(2) நோட்டீஸ் வந்துவிட்ட பிறகு விற்பதும் முடியும். வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், அவ்வளவே. முழுப் பாக்கியும் வரும் என்றால் வங்கிக்கு மறுக்கக் காரணமில்லை. ஏலம் நடத்தும் தலைவலி அவர்களுக்கும் மிச்சம். ஆனால் விஷயம் இப்போது கிளையைத் தாண்டி வசூல் பிரிவுக்குப் போயிருக்கும், ஒவ்வொரு கடிதத்துக்கும் வாரங்கள் ஆகும். வாங்க வருபவரும் நோட்டீஸ் விஷயம் தெரிந்து அடித்துப் பேசுவார். சுவாதீனம் எடுத்த பிறகும்கூட, நீங்கள் கொண்டுவரும் ஆளுக்கு வங்கியே தனிப் பேரத்தில் விற்க விதிகளில் இடம் இருக்கிறது. பலரும் இதைக் கேட்பதே இல்லை. கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

வரியை மறக்க வேண்டாம். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டுவார். விற்ற பணம் முழுவதும் வங்கிக்கே போனாலும், நீங்கள் வாங்கிய விலைக்கு மேல் கிடைத்தது மூலதன ஆதாயம்தான். நீங்களே வைத்த அடமானக் கடனை அடைத்தேன் என்று அதைக் கழிக்க முடியாது.

ஓடிஎஸ்: யாருக்கு வட்டியைத் தள்ளுவார்கள்

ஒரே தடவையில் இவ்வளவு கட்டுகிறேன், மீதியைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்பது ஓடிஎஸ். கேட்க இனிப்பான வார்த்தை. ஆனால் வங்கியின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிமிடம் யோசியுங்கள். 36 லட்சம் பாக்கிக்கு 60 லட்சம் வீடு அடமானமாக இருக்கிறது. எதற்காகத் தள்ளுபடி தர வேண்டும்? நம் கற்பனைக் குடும்பத்துக்கு ஓடிஎஸ் என்றால் அபராதக் கட்டணத்திலும் செலவிலும் ஏதோ கொஞ்சம் குறைப்பார்கள். அசலில் கைவைக்க விடமாட்டார்கள்.

ஓடிஎஸ் பலிக்கும் இடம் வேறு. வீட்டின் விலை பாக்கியைவிடக் குறைந்துவிட்டது, பத்திரத்தில் பங்காளித் தகராறு இருக்கிறது, அனுமதியில்லாத மாடி கட்டியிருக்கிறது, வாடகைக்காரர் நகரமாட்டேன் என்கிறார், ஒன்றிரண்டு ஏலம் ஆளில்லாமல் போய்விட்டது: இப்படி வங்கிக்கு விற்பதே பாடாக இருக்கும் சொத்துதான் பேரத்துக்கு இடம் கொடுக்கும். கடனை வங்கி ஏஆர்சி என்ற சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டாலும் நிலைமை மாறும். அவர்கள் தள்ளுபடி விலைக்கு வாங்கியிருப்பார்கள், பேச இடம் இருக்கும்; அதே சமயம் அவர்களுக்கு வேறு தொழில் இல்லை, சர்ஃபாசி அதிகாரம் அப்படியே இருக்கிறது, வங்கியைவிட விடாப்பிடியாக வருவார்கள்.

ஓடிஎஸ் உங்கள் உரிமை கிடையாது. தரச் சொல்லி வங்கிக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட முடியாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே பணத்தைத் திரட்டி வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். பல வங்கிகள் விண்ணப்பத்தோடு ஒரு பங்கை முன்பணமாகக் கட்டச் சொல்லும். சொன்ன தேதியில் மீதி வராவிட்டால் சலுகை ரத்து, பழைய பாக்கி முழுதாக உயிர் பெறும், கட்டியது கடனில் வரவு. பணம் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் ஓடிஎஸ் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது வீட்டை இன்னும் வேகமாகத் தள்ளிவிடுவதற்குச் சமம்.

சிபிலில் கணக்கு "முடிந்தது" என்பதற்குப் பதில் "செட்டில்டு" என்று ஏறும், வருடக்கணக்கில் தெரியும். சமரசம் செய்துகொண்டவருக்கு அதே நிறுவனம் மறுபடி கடன் தரக் குறைந்தது 12 மாதம் பொறுக்க வேண்டும் என்பது 2023 ஜூன் ரிசர்வ் வங்கிச் சட்டகம். சிறு வணிகம் செய்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். வீட்டுக்கடனில் மிச்சம் பிடித்த இரண்டு லட்சம், தொழில் கடன் கிடைக்காமல் போவதில் கரைந்துவிடலாம்.

டிஆர்டி: வழக்கு எப்போது வழக்கு, எப்போது வெறும் வாய்தா

வங்கி 13(4)-ன்கீழ் நடவடிக்கை எடுத்த 45 நாளுக்குள் டிஆர்டி என்ற கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னையில் மூன்று, கோவையில் ஒன்று, மதுரையில் ஒன்று. சிவில் கோர்ட்டுக்கு இதில் வேலையில்லை, 34-வது பிரிவு தடுக்கிறது. நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவதை 2010 முதலே உச்ச நீதிமன்றம் கண்டித்து வருகிறது. முதல் கட்டத்திலேயே 75 சதவீதம் கட்டினால்தான் மனு என்று ஆரம்பத்தில் இருந்த நிபந்தனையை 2004-ல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. இப்போது மனுக் கட்டணம் மட்டும். 36 லட்சம் கடனுக்கு 11,500 ரூபாய். வக்கீல் கட்டணம் தனி.

வழக்குக்கு உண்மையிலேயே தலையும் வாலும் இருக்கும் இடங்கள் உண்டு. அடமானம் வைத்தது இன்றும் பயிரிடும் விவசாய நிலம் என்றால் சர்ஃபாசி செல்லாது. அசலும் வட்டியும் சேர்த்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் பாக்கி என்றாலும் செல்லாது. கடனின் கடைசி வருடங்களில் இருப்பவர்கள் இதைச் சரிபார்க்க வேண்டும். கையெழுத்து உங்களுடையதல்ல, வாராக்கடன் தேதி தவறு, கட்டிய தவணைகள் வரவாகவில்லை, ஆட்சேபத்துக்குப் பதிலே வரவில்லை, 30 நாள் விற்பனை அறிவிப்பு தரவில்லை, மதிப்பீடு அடிமட்டமாக இருக்கிறது என்பவையும் எடுத்துப் பேசக்கூடியவை. அந்த 30 நாள் கட்டாயம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து விற்பனையையே ரத்து செய்திருக்கிறது.

ஆனால் நோட்டீசில் பிழை என்று ஜெயித்தால் என்ன கிடைக்கிறது? வங்கி பிழையைத் திருத்தி மறுபடி நோட்டீஸ் அனுப்பும். கடன் அப்படியே இருக்கும், மாதம் 26,250 வட்டியோடு. இடைக்காலத் தடையும் சும்மா கிடைப்பதில்லை, பெரும்பாலும் பாக்கியில் ஒரு பகுதியைச் சில வாரங்களுக்குள் கட்டு என்ற நிபந்தனையோடுதான் வரும். கட்டத் தவறினால் தடை தானாக உதிர்ந்துவிடும். அந்தப் பணம் இருந்திருந்தால் முதலிலேயே வங்கியில் கட்டியிருக்கலாமே என்று குடும்பத்தில் யாராவது கேட்பார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் 50 சதவீத டெபாசிட், மனமிரங்கினால் 25 வரை குறைப்பார்கள். அதற்குக் கீழே சட்டம் விடாது.

ஆகவே வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி "ஸ்டே கிடைக்குமா" என்பதல்ல. "ஜெயித்தால் கடன் குறையுமா, அல்லது தேதி மட்டும் தள்ளுமா" என்று கேளுங்கள். தேதி மட்டும் தள்ளும் என்றால், அந்த அவகாசத்தில் வாங்க ஆள் பார்த்து விற்கும் திட்டம் கையில் இருக்க வேண்டும். அப்படி ஒரு திட்டத்துக்கு நேரம் வாங்கும் கருவியாக டிஆர்டியைப் பயன்படுத்தினால் அதில் அர்த்தம் இருக்கிறது.

வசூல் ஏஜெண்டுகளின் அடாவடிக்கு டிஆர்டி தேவையில்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது, உறவினரிடமும் பக்கத்து வீட்டிலும் அவமானப்படுத்தக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். மிரட்டல் என்றால் காவல் நிலையம்.

ஏலத்துக்கு விட்டுவிடுவது

எதையும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதன் விலையைப் பார்த்துவிடலாம். அதே ஃபிளாட். 14 மாதம் ஓடிவிட்டது. வட்டி மட்டும் 3,67,500 ரூபாய். வக்கீல், விளம்பரம், மதிப்பீடு, காவல் செலவு எல்லாம் உங்கள் கணக்கில்தான் ஏறும். பாக்கி 41 லட்சம் என்று வைப்போம். அடிப்படை ஏலவிலை 50 லட்சம்; ஆளில்லை. மறு ஏலத்தில் குறைத்து 46 லட்சத்துக்குப் போகிறது. கையில் மிஞ்சுவது 5 லட்சம். தானே விற்றவருக்குக் கிடைத்தது 19.

ஏலவிலை ஏன் இறங்குகிறது என்றால், வாங்குபவர் உள்ளது உள்ளபடி வாங்குகிறார். வங்கி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. உள்ளே ஆள் குடியிருக்கும் வீடு, காகித சுவாதீனம் மட்டும் எடுத்த வீடு என்றால் அவர் இன்னும் குறைத்துத்தான் கேட்பார், காலி செய்யும் தொல்லை அவர் தலையில் விழுமே. அதனால் வீட்டைக் காலி செய்யாமல் பிடிவாதம் பிடிப்பது பல நேரம் உங்கள் பங்கையே குறைக்கிறது.

ஏலத்துக்கு விடுவது நியாயமாகும் ஒரு நிலைமை இருக்கிறது: வீட்டின் விலை பாக்கியைவிடக் குறைவு, ஓடிஎஸ்ஸுக்குப் பணமும் இல்லை. அப்போதும் தப்பிப்பு முழுமையல்ல. விற்றும் தீராத பாக்கிக்கு 13(10)-ன்கீழ் வங்கி உங்கள்மீதும் ஜாமீன்தாரர்மீதும் தனியாக வழக்குப் போடலாம். 20 லட்சமும் அதற்கு மேலும் என்றால் டிஆர்டியில், குறைவு என்றால் சிவில் கோர்ட்டில்.

ஏலம்தான் என்று ஆகிவிட்டால் சும்மா இருக்காதீர்கள். மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அக்கம்பக்கத்தில் அண்மையில் பதிவான கிரயப் பத்திரங்களின் விலையைக் காட்டி, அடிப்படை விலை குறைவு என்று உடனே எழுத்தில் ஆட்சேபியுங்கள். அடிப்படை விலைக்கு மேல் யாரும் கேட்காதபோது, கிடைத்த விலைக்கே விற்க உங்கள் சம்மதமும் வேண்டும் என்பது விதி. உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் ஏல அறிவிப்பை நீங்களே கொடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் இரண்டு பேர் மட்டும் ஏலம் கேட்பார்கள். பூட்டுப் போட வரும் நாளில் உள்ளே இருக்கும் சாமான்களுக்குப் பட்டியல் போட்டு நகல் வாங்குங்கள். விற்ற பணத்தில் வங்கிக்குப் போக மீதம் இருந்தால் அது உங்களுடையது. விற்பனைத் தொகை, கழித்த செலவு, மிச்சம் என்று கணக்கு எழுதிக் கேட்டு, பதில் வராவிட்டால் அதற்கும் டிஆர்டிக்குப் போகலாம். ஏலத்தில் போன வீட்டுக்கும் மூலதன ஆதாயக் கணக்கு உங்கள் பெயரில்தான் வரும், அந்த வருட வருமான வரி ரிட்டர்னில் அதைக் காட்ட வேண்டும்.